சாரைப்பாம்புக்கு ஒரு வதிவிடச் சான்று

கிளிநொச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டுப் புளியங்குளம் சந்தியில் இறங்கினேன். விலங்கு மீட்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் தவராசா அண்ணன்தான் போனில் அப்படிச் சொன்னார். "இஞ்சை ஒரு அலுவலா வந்தனான் தம்பி. இறங்கி நில்லுங்கோ, என்னோடையே போவம்." நடத்துநர் என்னை மறித்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பக்கத்து இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார். "கிளிநொச்சிக்குக் காசு குடுத்தவர் கிளிநொச்சியிலைதான் இறங்கவேணுமாம். பகிடிக்குச் சொல்லுறார், நீங்கள் இறங்குங்கோ."

தவராசா அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, நிதானமான மனிதர். ஓட்டோவின் பின்பக்கம் ஒரு உரப்பை கிடந்தது. அதற்கு மேலே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெத்தென்று இருந்தது. பயணக் களைப்புக்கு இதமாகவும் இருந்தது. புறப்படுமுன் அவர் புதூர் நாகதம்பிரான் கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். நல்ல பக்திமான் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். உரப்பை பெருமூச்சு விட்டது.

"அண்ணே, மூட்டைல என்ன?"

"வெங்கிணாந்தி."

"அப்படின்னா?"

"மலைப்பாம்பு எண்டு உங்கடை பக்கம் சொல்லுவினம். அரிசி ஆலைக்குப் பின்னாலை படுத்திருந்தவர். கட்டு இறுக்கமாத்தான் கிடக்கு, பயப்பிடாதையுங்கோ."

மீதித் தூரம் முழுவதும் என் இரண்டு கால்களும் அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்த கம்பியில் இருந்தன. வழியில் எந்த ஊர் வந்தது, எந்தக் குளம் வந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் திருச்சியில் கல்யாணப் படம் எடுப்பவன். வன்னியின் ஊர்வன பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போடுகிற பதிப்பாள நண்பர், "பாம்பெல்லாம் கிட்டப் போய் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். நிறைய, என்றேன். லால்குடியில் ஒரு மண்டபத்தில் வாழைமரத்திலிருந்து ஒரு பாம்பு விழுந்தபோது நான் பந்தி மேசையின் மேல் ஏறி நின்று ஒரு படம் எடுத்தேன். அதுதான் அந்த நிறைய. பன்னிரண்டு படங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் கண் துல்லியமாகத் தெரிய வேண்டும், அட்டைப்படத்தில் பிராணி நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இது தேறினால் அடுத்தடுத்த புத்தகங்களும் எனக்கே. "மாப்பிள்ளை, பொண்ணு தோள்ல கை போடுங்க" என்று கத்துகிற வேலையிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று வந்துவிட்டேன்.

மீட்பு நிலையம் கண்டாவளைப் பக்கம், வயல்களுக்கு நடுவே இருந்தது. போனதும் தவராசா அண்ணன் ஒரு கதிரையைக் காட்டி, "இருங்கோ. காலை மட்டும் கீழை தொங்கப்போடாதையுங்கோ, அடியிலை ஒருத்தர் நிக்கிறார்" என்றார். நட்சத்திர ஆமை. அன்றைய சாப்பாட்டைச் சம்மணமிட்டபடி சாப்பிட்டேன். குசினியிலிருந்து அவரே சமைத்துக் கொண்டுவந்த குரக்கன், அதாவது கேழ்வரகுப் புட்டும் மீன் குழம்பும். உறைப்பு தாங்குவீர்களோ என்று கேட்டார். திருச்சிக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று சொன்னேன். இரண்டாவது வாய்க்கு என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் வாழைப்பழச் சீப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இரண்டாம் நாள் வேலை தொடங்கியது. அவர் விலங்குகளை அறிமுகப்படுத்துகிற விதமே தனி. எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் என்ன வேலை என்று கேட்போம். இங்கே எந்த ஊர் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அவர் பாம்புக்கும் அதையே செய்தார்.

"இவர் புளியங்குளம். நேற்று உங்களோடை வந்தவர். அந்தத் தொட்டியிலை கிடக்கிற முதலையார் ஒட்டுசுட்டான். இஞ்சாலை படுத்திருக்கிற உடும்பார் முல்லைத்தீவு, கடற்கரைப் பக்கத்து ஆள். கொஞ்சம் முற்கோபி."

கடைசிக் கூண்டில் ஐந்து சாரைப்பாம்புகள் இருந்தன. அவற்றுக்கு மட்டும் ஊர் சொல்லவில்லை. "இவை சாரையள்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

என்னிடம் இருந்தது கல்யாணத்தில் மோதிரத்தையும் மருதாணியையும் எடுக்கிற லென்ஸ். அதற்கு ஒரு சாண் தூரத்துக்குப் போனால்தான் வேலை. மோதிரம் சீறாது. முல்லைத்தீவு உடும்பு சீறியது. புளியங்குளத்து மலைப்பாம்பு தலையை மெல்லத் திருப்பி, நேற்று மிதித்தவன் நீதானே என்பதுபோலப் பார்த்தது. மத்தியானத்துக்குள் நூற்றுக்கணக்கில் எடுத்துத் தள்ளினேன். எல்லாமே ஆடிப்போயிருந்தன. உலகத்தில் ஓடுகிற குதிரையைத் துல்லியமாக எடுத்தவர்கள் இருக்கிறார்கள். நிற்கிற ஆமையை மங்கலாக எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தவராசா அண்ணன் கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "நல்லாக் கிடக்கு தம்பி. இது ஆர்?"

"ஆமை."

"ஓ" என்றார். அவர் மரியாதை தெரிந்தவர்.

அந்த நேரத்தில்தான் கமலா அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா. வெயிலில் அக்கராயனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். குடையை மடக்கிக் கதவில் மாட்டிவிட்டு, உட்காரக்கூட இல்லாமல் சொன்னார்.

"என்ரை ஆளைத் தாரும் தவராசா. கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

அவருடைய மகனோ தம்பியோ இங்கே வேலை செய்கிறார் போலும் என்று நினைத்தேன். தவராசா அண்ணனின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. பிறகு கமலா அக்காவே எனக்கு விளக்கினார். அவர் சொன்ன ஆள் ஒரு சாரைப்பாம்பு. ஆறு வருடமாக அவர் வீட்டு நெல் அறையில், விதைநெல் மூட்டைகளுக்கு நடுவே குடியிருந்தது. ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்வதில்லை. அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார், அது ஒதுங்கிக்கொள்ளும். போன மாதம் சுவிஸிலிருந்து மருமகன் வந்தார். அக்கா வயலுக்குப் போயிருந்த நேரத்தில் அறையைத் திறந்தார். பாம்பைக் கண்டு மண்வெட்டியால் ஒரு போடு போட்டுவிட்டு, நெல் மூட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டு மீட்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.

"அவர் விமானம் ஏறிப் போட்டார். எலியெல்லோ இப்ப குடிவந்திட்டுது" என்றார் கமலா அக்கா. "ரெண்டு மூட்டை விதைநெல்லைக் கொறிச்சுக் குப்பையாக்கிப் போட்டுதுகள். மிச்சத்தையும் திண்டா மாரி மழைக்கு நான் எதை விதைக்கிறது? கடன்பட்டு விதைநெல் வாங்க என்னாலை ஏலாது."

"பூனை வளர்க்கலாமேம்மா?"

"மூண்டு நிக்குது தம்பி. மூண்டும் பாலைக் குடிச்சிட்டு எலியை வேடிக்கை பாக்குதுகள்."

தவராசா அண்ணன் தொண்டையைச் செருமினார். பிடித்த இடத்திலேயே விடுவதுதான் முறை என்றும், ஆனால் ஐந்து சாரைகள் நிற்கின்றன, எது அக்கராயன் என்று கொப்பியில் சரியாக எழுதவில்லை என்றும் சொன்னார். "அதோடை, உங்கடை வீட்டிலைதான் இருந்தது எண்டதுக்கு ஒரு கடுதாசி வேணும் அக்கா. பெரியவை கேட்டா நான் காட்டவேணுமெல்லே."

கடுதாசி என்று சொன்னால் போய்விடுவார் என்று அவர் எதிர்பார்த்தது எனக்கே தெரிந்தது. எங்கள் ஊரில் அது நடக்கும். ஆனால் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மறுபடி பதிந்து, வீட்டுக்கும் காணிக்கும் கோழிக் கூட்டுக்கும்கூட அத்தாட்சி காட்டிப் பழகிய மண் இது. வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் அலுமாரியில் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கடுதாசிகள் இருக்கின்றன. கமலா அக்கா அசரவே இல்லை.

"விதானையிட்டை எடுத்தாக் காணுமோ?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். இங்கே கிராம அலுவலரைப் பழக்கத்தில் இன்னும் விதானை என்கிறார்கள்.

மூன்றாம் நாள் காலை, பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டார். கையில் தட்டச்சு செய்த கடிதம். வாங்கிப் படித்தேன். "மேற்படி விலாசத்தில் அமைந்துள்ள வீட்டின் நெல் அறையில், இத்துடன் படம் இணைக்கப்பட்டுள்ள சாரைப்பாம்பு கடந்த ஆறு வருடங்களாக நிரந்தரமாக வசித்து வந்ததென்பதை எனது அறிவிற்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உறுதிப்படுத்துகின்றேன்." கீழே கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. மேலே வலது மூலையில் படம் ஒட்ட ஒரு சதுரம்.

"படம் இல்லாமல் ஆருக்கும் சீல் குத்தமாட்டன் எண்டிட்டா அந்த விதானைப் பிள்ளை" என்றார் கமலா அக்கா. "பாதி சீல் படத்திலை விழவேணும், பாதி கடுதாசியிலை விழவேணும். அது சட்டம்தானே."

தவராசா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நேற்று எடுத்த படங்களில் ஒன்றைத் தரலாம் என்று திரையைக் காட்டினேன். கமலா அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"எல்லாம் ஆடிப்போய்க் கிடக்கு. நீங்கள் பயந்த ஆளோ தம்பி?"

ஆமாம் என்றேன். இலங்கையில் நான் சொன்ன முதல் நேர்மையான பதில் அது. சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது. அவர் சிரிக்கவில்லை. "பயம் எல்லாருக்கும் கிடக்கு. அதை உங்கடை பாட்டிலை இருக்க விடுங்கோ, கையை மட்டும் ஆட்டாதையுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குள் போனார்.

ஐந்து பாம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரமே இல்லை. குந்தியிருந்து, தலையைச் சாய்த்து, கிட்டப் போய்ப் பார்த்தார். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் ஒரு முகத்தை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. நாலாவது பாம்பிடம் வந்ததும் இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு கையைக் காட்டினார்.

"இதுதான் என்ரை ஆள்."

"வடிவாத் தெரியுமோ அக்கா?" என்று கேட்டார் தவராசா அண்ணன்.

"தெரியாமலோ."

படப்பிடிப்பு தொடங்கியது. பின்னணிக்கு என் அறையிலிருந்த நீலக் கட்டில் விரிப்பைத் தவராசா அண்ணன் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கமலா அக்கா கதிரையில் உட்கார்ந்து, பாம்பை மடியில் வைத்து, கழுத்தைப் பக்குவமாகத் தாங்கிக்கொண்டார். சாரைக்கு விஷமில்லை என்று எனக்கு மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் நம்பினேன். கால்கள்தான் நம்பவில்லை.

"கிட்ட வாங்கோ தம்பி. இன்னும் கிட்ட. விதானைக்கு முகம் தெரியவேணும்."

ஒரு சாண் தூரத்தில் அந்த முகம் இருந்தது. பெரிய வட்டக் கண். உதட்டு ஓரத்தில் யாரோ மையால் கோடு கோடாக இழுத்தது போன்ற வரிகள். பதினாறு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது: "கொஞ்சம் சிரிங்க."

கமலா அக்கா குலுங்கிச் சிரித்தார். விரிப்பு ஆடியது, தவராசா அண்ணன் அதற்குப் பின்னாலிருந்து இருமினார். பாம்பு மட்டும் ஆடாமல், நாக்கை வெளியே நீட்டி, லென்ஸை நேருக்கு நேர் பார்த்தது. நானும் ஆடவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, பாம்பின் கண்ணுக்குள் சிவப்புச் சட்டை போட்ட ஓர் ஆள் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. என் அட்டைப்படம் கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் கமலா அக்காவைக் கட்டிப்பிடிக்கப் போய், மடியில் இருந்தவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு கை நடுங்கவில்லை. மற்றப் படங்களையும் பொழுது சாயுமுன் எடுத்து முடித்தேன்.

அதற்கு முன்னால் கிளிநொச்சிக்கு ஒரு நடை. டவுனில் ஒரு ஸ்டூடியோவில் நானும் கமலா அக்காவும் பாஸ்போர்ட் அளவுக்குப் படத்தை அடிக்கக் கொடுத்தோம். கடைக்காரர் கணினித் திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"காது தெரியேல்லை. அடையாள அட்டைக்கு எண்டா ரெண்டு காதும் தெரியவேணும்."

"உவைக்குக் காது இல்லை" என்றார் கமலா அக்கா.

"அப்ப சரி. எத்தினை கொப்பி?"

"ஆறு எடும். பேந்தும் கேப்பினம்."

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பால் விடாத பிளேன்ரீ வந்தது. சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்க அவர்தான் கற்றுக்கொடுத்தார். வீட்டிலிருக்கிற பிளாஸ்டிக் பையில் மிச்ச ஐந்து படங்களையும் தன் கடுதாசிகளோடு பத்திரமாக வைக்கப்போவதாகச் சொன்னார்.

நாலாம் நாள் காலையில் கமலா அக்கா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கடிதம் வந்து சேர்ந்தது. பாதி சீல் பாம்பின் நெற்றியில், பாதி கடுதாசியில். சட்டப்படி எல்லாம் சரி. நானும் தவராசா அண்ணனும் ஓட்டோவில் அக்கராயனுக்குப் புறப்பட்டோம். இந்தத் தடவை உரப்பையை நானே மடியில் வைத்துக்கொண்டேன். பெருமைக்குத்தான்.

கிளிநொச்சி தாண்டியதும் தவராசா அண்ணன் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். அக்கராயன் ஆள் வந்த ரெண்டாம் நாளே செத்துப்போச்சு. மண்வெட்டி முதுகிலை விழுந்திருக்கு. நான்தான் குழி வெட்டித் தாட்டனான்."

மடியிலிருந்த உரப்பையைப் பார்த்தேன். "அப்போ இது?"

"இவர் கண்டாவளை. ஒரு பழைய கடையை இடிக்கேக்கை பிடிபட்டவர். திரும்பிப் போக இடமில்லை. நல்ல காலம், அக்கா கை காட்டினது இவரை."

"அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே?"

"வெய்யிலுக்குள்ளாலை வந்து, ஆளைத் தா எண்டு நிக்கிறா. எனக்கு வாய் வரேல்லைத் தம்பி. கடுதாசி எண்டு சொன்னா விட்டிடுவா எண்டு நினைச்சன்." ஓட்டோவை மறுபடி முடுக்கினார். "அவாக்குத் தெரியவேண்டாம்."

கமலா அக்காவின் வீட்டு முற்றத்தில் மூன்று பூனைகளும் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. நெல் அறையின் கதவை அவர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்தார். தரையெல்லாம் உமியும் எலிப் புழுக்கையும். மூலையில் ஒரு மூட்டை கிழிந்து நெல் கொட்டிக் கிடந்தது. தவராசா அண்ணன் உரப்பையின் வாயை அவிழ்த்தார். பாம்பு தலையை நீட்டி, நாக்கால் அறையைத் துழாவிப் பார்த்தது. பூனைகள் மூன்றும் எழுந்து வேறு வளவுக்குப் போய்விட்டன. பாம்பு வாசலில் வெகுநேரம் யோசித்தது. வேலிப் பக்கம் திரும்பியபோது எங்கள் மூவருக்கும் மூச்சு நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, உள்ளே போய் மூட்டைகளுக்கு இடையில் மறைந்தது. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

"சாப்பிடுறார்" என்றார் தவராசா அண்ணன், தன் பிள்ளை சாப்பிடுகிற மாதிரி. கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அக்கா எங்களுக்கும் சமைத்திருந்தார். சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, குளத்து மீன் பொரியல். வாழையிலையை எனக்கு முன்னால் விரித்தபடி, கிணற்றடியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"தம்பி, இது என்ரை ஆள் இல்லை."

நானும் கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்ரை ஆளுக்கு வால் நுனி இல்லை. வயலிலை நெல்லு அருவி வெட்டுற மெசினிலை போனது. அண்டைக்கு நான் கேட்ட உடனை தவராசாவின்ரை முகம் போன போக்கைப் பாத்தனான். அது இல்லை எண்டு அப்பவே விளங்கிச்சுது."

"அப்புறம் ஏம்மா கேட்கல?"

"கேட்டா அவர் சொல்லவேணுமெல்லே." சோற்றைப் போட்டார். "தேடி வந்து நிக்கிற ஆக்களிட்டை 'இல்லை' எண்டு சொல்லுறது லேசான காரியமில்லைத் தம்பி. நாங்கள் வாசல் வாசலாக் கேட்டுக் களைச்ச சனம். அவரும் அப்பிடித்தான், காணாமல் போன தன்ரை தமையனை எத்தினை இடத்திலை கேட்டுத் திரிஞ்சவர். அந்த மனிசனை என்னட்டையும் நிண்டு அந்தச் சொல்லைச் சொல்லப் பண்ணுறதோ? எனக்கு எலிக்கு ஒரு ஆள் வேணும். இதுக்கும் ஒரு இடம் வேணும். அவ்வளவுதான். அவரிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ."

உறைப்பு என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். தவராசா அண்ணன் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் மீன் பொரியலைப் பற்றியே பேசினோம். குளத்து மீனில் முள் கூட என்று அவர் சொல்ல, சாப்பிடத் தெரியாதவர்களுக்குத்தான் முள் என்று அக்கா சொன்னார்.

திரும்பும்போது வானம் கறுத்திருந்தது. ஓட்டோ குளக்கட்டில் ஏறியது. தவராசா அண்ணன் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அவாக்கு ஐமிச்சம், சந்தேகம் ஒண்டும் வரேல்லையே தம்பி?"

"இல்லண்ணே. வரலை."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். முதல் தூறல் ஓட்டோவின் கண்ணாடியில் விழுந்தது.

"நல்லது" என்றார். "இனி அவா விதைக்கலாம்."